இரண்டு விரல்களும் ஸ்பிரிங் இல்லாத சைக்கிளும்

வைகாசி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. தேனியில் டாக்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளை என் பக்கம் திருப்பி வைத்து, சர்க்கரை வந்துவிட்டது என்றார். மாத்திரை எழுதிக்கொடுத்தார். மாத்திரை மட்டும் போதாது, தினமும் ஒரு மணி நேரமாவது உடம்பு வேர்க்க வேண்டும் என்றும் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த ஒரு மணி நேரத்தை என் நாளில் தேடினேன். வேலைக்குப் போகிற நேரமும் வேலையிலிருந்து திரும்புகிற நேரமும்தான் சும்மா கிடந்தன. போடியில் இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன்: மோட்டார் பைக்கை மனைவியிடம் கொடுத்துவிட்டு ஒரு சைக்கிள் வாங்குவது.

அன்றைய நோட்டில் 'சர்க்கரை. சைக்கிள்.' என்று மட்டும் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதி வருகிறேன். கிழமை, காற்று, மழை, படித்த புத்தகம், வந்தவர், போனவர். பழைய பயணக் குறிப்புகளையும் ஊர் வரலாறுகளையும் தேடிப் படிக்கிறவனுக்குத் தொற்றிக்கொண்ட பழக்கம். ஏதோ ஒரு ஊரில் என்றைக்கு மழை பெய்தது என்று ஒருவர் எழுதி வைத்திருந்தால் போதும், எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிடும். இங்கே நான் சொல்கிற நாட்களெல்லாம் அந்த நோட்டில் இருப்பவை.

என் வேலை ஏலக்காய் பார்ப்பது. போடி வியாபாரி ஒருவருக்கு மலையின் கீழ்ச்சரிவில் காய் உலர்த்தும் ஸ்டோர் இருக்கிறது. மேலே தோட்டங்களில் பறித்த பச்சைக்காய் மத்தியானம் ஜீப்பில் இறங்கும். கழுவி, தட்டுகளில் பரப்பி, அறைக்குள் அடுக்குவார்கள். வெளியே அடுப்பில் விறகு எரியும். குழாய் வழியாகச் சூடு உள்ளே ஓடும். மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் போய்த் தட்டுக்கு ஒரு பிடி எடுத்துப் பார்த்து, எடுக்கலாம் என்றோ, இன்னும் இரண்டு மணி நேரம் கிடக்கட்டும் என்றோ சொல்ல வேண்டும். நான் சொல்கிறவரை வேறு யாரும் காயில் கை வைக்க மாட்டார்கள். பல கை பட்டால் பல பேச்சு வரும் என்று எங்கள் பக்கத்து ஸ்டோர்களில் இப்படி ஒரு வழக்கம்.

காய்ந்த காயும் அரைகுறையாகக் காய்ந்த காயும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் பெரும்பாலும் தெரிந்துவிடும்: அமுங்கினால் ஈரம், அமுங்காவிட்டால் நல்ல காய். ஆனால் தோல் மட்டும் காய்ந்து, உள்ளே விதையைச் சுற்றி ஈரம் நிற்கிற காய் உண்டு. அது கட்டைவிரலை ஏமாற்றிவிடும். கை நிறைய அள்ளிப் பிடியை இறுக்கும்போது, மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்குகிற இடத்தில் காய் குத்துகிறதா, நழுவுகிறதா என்பதில்தான் அது பிடிபடும். இருபத்திரண்டு வருடமாக என் வலது கையின் அந்த இரண்டு விரல்கள்தான் எங்கள் வீட்டுக்குச் சம்பாதித்துப் போட்டிருக்கின்றன. என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை ஆனது அதற்குப் பிறகு.

ஆனி முதல் வாரம் முழுக்கப் பாதையை ஆராய்ந்தேன். போடியை அடுத்த சிலமலையில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஸ்டோர் வரைக்கும் மூன்று விதமான தரை. முதலில் தார் ரோடு. பிறகு கண்மாய்க் கரை மேல் மண்பாதை. மழை பெய்தால் களி, பெய்யாவிட்டால் டிராக்டர் தடம். கடைசியில் சரிவு, ஜீப்புகள் ஏறி ஏறிக் கல் மட்டும் மிஞ்சிய பாதை. இந்த மூன்றுக்கும் ஒரே சைக்கிள் வேண்டும், அதுவும் என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டாமல். இணையத்தில் சைக்கிள்காரர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். நோட்டில் எட்டுப் பக்கம் நிரம்பியது.

கடைகளில் என் விலைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் முன்சக்கரத்தின் மேல் ஸ்பிரிங் வைத்த மலை சைக்கிள்கள். ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் ஸ்பிரிங் அமுங்கி எழுந்து, என் பலத்தில் பாதியைத் தின்றது. மலிவு சைக்கிளில் ஸ்பிரிங் என்பது வெறும் எடை, அதற்குப் போகிற காசு பிரேக்கிலும் சக்கரத்திலும் குறைந்துவிடும் என்று படித்திருந்தேன்; அது சரி என்றே பட்டது. முன்சக்கரத்தைத் தாங்கும் இடத்தில் ஸ்பிரிங் இல்லாத நேரான இரும்பு ஃபோர்க்கு, அகலமான டயர், டிஸ்க் பிரேக், கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார். இப்படி ஒன்று வேண்டும் என்று முடிவுக்கு வந்தேன். வளைந்த ஹேண்டில்பாருக்கு என்னிடம் காரணம் இருந்தது. ஆடி பிறந்தால் மேற்கேயிருந்து கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் ஊர்க்காரர்களை நிமிர்ந்து நிற்க விடாது. நான் போவதும் மேற்கே. குனிந்துகொண்டால்தான் அந்தக் காற்றைக் கிழிக்க முடியும். கையை மூன்று இடங்களில் மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு காரணம்.

போடியில் ஒரு சைக்கிள் கடைக்காரரிடம் அப்படி ஒன்று பழையதாக இருந்தது. வெளியூர் வேலைக்குப் போன இன்ஜினியர் ஒருவர் விட்டுப்போனதாம். ஒரு வருடமாக யாரும் தொடவில்லை என்று கடைக்காரரே ஒத்துக்கொண்டார்.

"ஆட்டுக்கொம்பு மாதிரி இருக்குன்னு ஒரு பய ஏற மாட்டேங்கிறான்" என்றார். "நீங்க ஏறுங்கண்ணே. முட்டாது."

ஏறினேன். சிலமலை ரோட்டில் ஒரு நடை போய் வந்தேன். வெண்ணெய்போல் ஓடியது. மூட்டையிலிருந்து ஒரு பிடி சாம்பிள் பார்த்து முழு லாட்டையும் எடுத்துவிடுகிற வியாபாரத்தில் இருக்கிறவன் நான். தார் ரோடு என்ற ஒரு பிடியைப் பார்த்து முழுப் பாதைக்கும் சைக்கிளை எடுத்துவிட்டேன். கல்பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

வீட்டில் மனைவி சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தாள். நாற்பத்தெட்டு வயதில் குனிந்து போவதற்கென்று ஒரு வண்டி வாங்கிய ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். ஆனால் ஆடி முடிவில் என் சர்க்கரை அளவு இறங்கியபோது முதலில் சந்தோஷப்பட்டவள் அவள்தான். அந்த ஒரு மாதத்தைப் போல நான் உற்சாகமாக இருந்து வெகு காலம் ஆகியிருந்தது. காற்றுக்கு எதிரே தலையைத் தாழ்த்தி, கண்மாய்க் கரையில் கொக்குகளை எழுப்பிக்கொண்டு, வேர்த்து வழிய ஸ்டோரில் போய் இறங்குவேன்.

தினமும் காலையில் டயருக்குக் காற்று அடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பேன். அமுங்கினால் இன்னும் நாலு பம்பு. கல்லாக நின்றால்தான் மனம் ஒப்பும்.

ஆவணி இரண்டாவது செவ்வாய்: 'இறங்கியபோது வலது சுண்டுவிரல் மரத்திருந்தது. பத்து நிமிடத்தில் சரியாயிற்று.' அந்த வாரம் வெள்ளி: 'மோதிர விரலும். அரை மணி நேரம்.' ஆவணி முடிவதற்குள் அரை மணி நேரம் மத்தியானம் வரைக்கும் நீண்டுவிட்டது. சட்டைப் பொத்தானைப் போடும்போது சுண்டுவிரல் அடுத்தவருடையது போல ஒதுங்கி நின்றது.

சர்க்கரை நரம்புகளைத் தின்னும் என்று படித்திருந்தேன். அதுதான் ஆரம்பித்துவிட்டது என்று நம்பினேன். சைக்கிள் எனக்கு மருந்து. மருந்தின் மேல் சந்தேகம் வரவில்லை. மனைவியிடம் சொன்னால் அன்றே மதுரைக்கு அழைத்துப் போவாள். அங்கே ஒரு டாக்டர் வாயால் அதைக் கேட்க எனக்குத் துணிவில்லை. ஸ்டோரில் சொன்னால் வேலை போகும். காய் பார்க்கிறவனுக்கு விரல் போய்விட்டது என்பதைப் போடியில் ஒரே நாளில் எல்லாக் கடைக்கும் கொண்டுபோய்விடுவார்கள். நோட்டில் மட்டும் எழுதினேன். எழுதிவிட்டதாலேயே யாரிடமோ சொல்லிவிட்டதுபோல ஒரு நிம்மதி வந்தது. அது எவ்வளவு பெரிய ஏமாற்று என்று அப்போது தெரியவில்லை.

கட்டைவிரலை வைத்தும், காயைக் காதோரம் குலுக்கிக் கேட்டும் சமாளித்தேன். நல்ல வெயில் நாட்களில் அது போதுமாக இருந்தது.

புரட்டாசி நான்காவது திங்கட்கிழமை. முந்தின மூன்று நாளும் மழை. விறகு நனைந்து, ஸ்டோர் முழுக்கப் புகை. எங்கள் அடுப்புக்காரர் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது சிறியவர். தேவாரம் ஊருக்கு அந்தப் பக்கம் வீடு. ஆறு வருடமாக அந்த அடுப்பை அவர்தான் பார்க்கிறார். நான் தட்டுத் தட்டாக அள்ளினேன். கையில் காய் இருப்பது தெரிந்தது. என்ன காய் என்பது தெரியவில்லை. கட்டைவிரலுக்கு அமுங்கவில்லை. குலுக்கினால் சத்தம் வந்ததுபோல இருந்தது. மழைச் சத்தமாகவும் இருக்கலாம். வெளியே அடுத்த லோடு ஜீப்பு வந்து நின்றது.

எடுக்கலாம் என்றேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை மத்தியானம் முதலாளி ஸ்டோருக்கு வந்தார். காகிதத்தில் மடித்து ஒரு பிடி காய் கொண்டுவந்திருந்தார். போடி கிடங்கில் மூட்டையைப் பிரித்தபோது புழுங்கல் வாடை வந்ததாம். காய் வெளுத்து, சிலவற்றில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம் அப்படி. நேரே அடுப்பிடம் போனார்.

"அன்னிக்கு அடுப்ப அணைய விட்டுட்டுத் தூங்கிட்ட. அப்படித்தான?"

"தூங்கலங்கய்யா. ஈர வெறகோட மல்லுக்கட்டிக்கிட்டுக் கெடந்தேன். கண்ண மூடல."

"அப்ப காய் எப்படிப் பூத்துச்சு?"

அடுப்புக்காரர் என்னைப் பார்த்தார். முதலாளியும் பார்த்தார். மழை நாள், ஈரம் அதிகம் என்று நான் சொன்னேன். அது பொய்யில்லை. அந்த இடத்தில் பொய்யைவிட மோசமாக வேலை செய்தது. சாயங்காலம் அடுப்புக்காரர் தன் போர்வையையும் தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்றேன். நோட்டை எடுத்து ஆவணியிலிருந்து படித்தேன். இந்த மரப்பு எத்தனை நாளாக இருக்கிறது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கணக்கெடுத்தால் எத்தனை காலம் தாக்குப்பிடிக்கலாம் என்று தெரியும் அல்லவா? இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் விரல் பாதி நன்றாக இருந்தது. புரட்டாசி தொடக்கத்தில் மூன்று நாள் மரப்பைப் பற்றிய குறிப்பே இல்லை; அந்த மூன்று நாளும், 'முன்டயர் மெல்ல இறங்குகிறது, பம்பு கெட்டுவிட்டது' என்று எழுதியிருந்தேன். நான்காம் நாள் பஞ்சர் ஒட்டி, கடையில் கல்லாகக் காற்று அடித்து வந்திருக்கிறேன். மரப்பும் கூடவே வந்துவிட்டது.

சர்க்கரை மட்டும் காரணமில்லை. ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க்கு என்றால் டயர்தான் ஸ்பிரிங். அகலமான டயரில் காற்றைக் குறைத்து ஓட்டச் சொல்லித்தான் அத்தனை பேரும் எழுதியிருந்தார்கள். என் எட்டுப் பக்கத்தில் நானே அதைக் குறித்து வைத்திருந்தேன். ஆனால் காலையில் டயர்முன் உட்கார்ந்தால் நான் படித்த மனிதனாக இல்லை, காய் பார்க்கிறவனாகிவிடுவேன். அமுங்குவது கெட்டது, அமுங்காதது நல்லது. சரிவின் ஒவ்வொரு கல்லும் கல்போன்ற டயர் வழியாக, வளைந்த ஹேண்டில்பாரை அழுத்திப் பிடித்திருந்த உள்ளங்கையின் ஓரத்துக்கு, சுண்டுவிரலின் நரம்புக்கு நேராக வந்து இடித்திருக்கிறது. மூன்று மாதம், போகவும் வரவும்.

இது தெரிந்ததும் வந்த முதல் எண்ணத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. காற்றை இறக்கிவிட்டால் விரல் திரும்பிவிடும்; யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. அந்த எண்ணத்தோடு மத்தியானம் முழுவதும் இருந்தேன். சாப்பிட்டேன்; தூங்கக்கூடச் செய்தேன்.

எழுந்தபோது நோட்டு புரட்டாசி நான்காவது திங்களில் திறந்து கிடந்தது. அதில் இருந்தது இதுதான்: 'மழை. இரண்டு விரலும் இல்லை. எல்லாத் தட்டும் ஒன்றுபோல இருந்தன. எடுக்கலாம் என்றேன்.' என் கையெழுத்து. அன்று மாலையே எழுதியது. தெரியாமல் நடந்த தவறு என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமே வைக்காமல் நானே எழுதியிருந்தேன். மனைவி பள்ளியிலிருந்து வந்ததும் அந்தப் பக்கத்தை அவளிடம் காட்டினேன். அவள் முதலில் என் கையைப் பிடித்து விரல் விரலாக அழுத்திப் பார்த்தாள். பிறகு, அந்த மனுசனுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடம் பழகியும் அது நோட்டில் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை போடிக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன். எந்த விரல்கள் என்று மட்டும் கேட்டார். பிறகு அடுப்புக்காரருக்குப் போன் போட்டார். இரண்டு தடவை அடித்து நின்றது. அவரைத் திரும்ப வரச் சொல்லுங்கள் என்றார். என்னைப் பற்றி, சீசன் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றார். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாரத்துக்குச் சைக்கிளில் போனேன். டயரில் கட்டைவிரல் நன்றாக அமுங்குகிற அளவுக்குத்தான் காற்று. ஓட்டும்போது ஏதோ கெட்ட காரியம் செய்வதுபோலவே இருந்தது. ஊர் தாண்டி அவர் வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்தேன். மக்காச்சோளக் காட்டில் யானை மிதித்த தட்டைகளை அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அரிவாளை வைத்துவிட்டு வந்தார். மனைவியிடம் காபி கொண்டு வரச் சொன்னார். இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் பத்தாம் வகுப்பு.

நடந்ததைச் சொன்னேன். விரல், டயர், திங்கட்கிழமை, எல்லாவற்றையும். அவர் அதிசயப்படவில்லை.

"நீங்க காயப் பிடிக்கிறதே ஒரு மாசமா வேற மாதிரி இருந்துச்சுண்ணே" என்றார். "காதுகிட்டக் கொண்டுபோவீக. முன்ன அப்படிச் செய்ய மாட்டீக. அன்னிக்கு எனக்கே தெரியும், காய் வேகலன்னு. அடுப்பப் பார்க்குறவனுக்குத் தெரியாதா?"

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"காய்க்காரர் சொன்னதுக்கு மேல அடுப்புக்காரன் எங்க பேசுறது? நீங்க சொல்லாம நான் ஒரு தடவகூட காய்ல கை வச்சதில்ல."

முதலாளி திரும்ப வரச் சொல்கிறார், நானே அழைத்துப் போகிறேன் என்றேன். அவர் தலையாட்டவில்லை. மலை மேலே ஒரு எஸ்டேட் ஸ்டோரில் பேசியாகிவிட்டதாம், திங்கட்கிழமை ஏறுகிறாராம். கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி, பக்கத்தில் இருக்கிற பழைய ஸ்டோரே நல்லதுதானே என்று மெல்லச் சொன்னார். அதற்கும் அவர் அசையவில்லை.

"சொன்னீகல்ல, அது போதும்ணே. ஆனா புதன்கிழம எம் மூஞ்சியப் பார்த்தீகள்ல? பார்த்துட்டு மழைன்னு சொன்னீக. வெள்ளிக்கிழம சொன்னது முதலாளிக்கு. எனக்குச் சொல்ல வேண்டியது புதன்கிழம."

காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். வாசல் வரை வந்து, ரோடு வரைக்கும் மணல், பார்த்துப் போங்கண்ணே என்றார். எப்போதும் போல அண்ணே என்றுதான் சொன்னார்.

டாக்டர் இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்கிறார், சர்க்கரையும் சைக்கிளும். நரம்பு வளர்வது நாளுக்கு மயிரிழை அளவுதானாம். ஹேண்டில்பாரில் தடித்த நாடா சுற்றியிருக்கிறேன். கல்பாதையின் மோசமான இடங்களில் இறங்கித் தள்ளுகிறேன். சைக்கிளை விடவில்லை, விட்டால் சர்க்கரை ஏறுகிறது. மார்கழிப் பிறப்பன்று மோதிர விரலில் ஊசி முனை குத்துவது தெரிந்தது. சுண்டுவிரலில் இன்னும் இல்லை.

ஸ்டோருக்குப் புது அடுப்புக்காரர் வந்திருக்கிறார். தினமும் காலை தட்டு வெளியே வருவதற்கு முன்னால் அன்றைக்கு என் விரல் எப்படி இருக்கிறது என்று அவரிடம் சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். மோதிர விரல் இருக்கு, சுண்டுவிரல் இல்லை. இன்னைக்கு ரெண்டும் மந்தம். முதல் வாரம் அவரும் மூட்டை தைக்கிற பெண்களும் சிரித்தார்கள். இப்போது சிரிப்பதில்லை. நான் சொல்லி முடித்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தட்டின் அந்தப் பக்கம் நிற்கிறார். அவரும் ஒரு பிடி அள்ளுகிறார், நானும் ஒரு பிடி அள்ளுகிறேன். முதலில் அவரைச் சொல்லச் சொல்கிறேன்.